ஜனனியின் கொலுசும் சீல் வைத்த மோடமும்

ஒரு வீட்டில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பேர் வந்துவிட்டால், அதன் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமை அவனுக்குப் போய்விடுகிறது. மிக்ஸி ஓடவில்லையா, அவனைக் கூப்பிடு. டி.வி.யில் கோடு விழுகிறதா, அவனைக் கூப்பிடு. பாவம், நிறையப் பேர் இதில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நான் அப்படியில்லை, நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். ஆறு மாத டிப்ளமோ ஒன்றை முடித்து, சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து, சாமி படங்கள் வரிசையில் மாட்டி வைத்தவன் நான். (முருகருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆணி அளவுதான் இடைவெளி. விசேஷ நாளில் அம்மா அவசரத்தில் எனக்கும் ஒரு பூ வைத்துவிடுவாள்.)

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே நைனாவின் (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதுதான் பேர்) ஹார்டுவேர் கடை. மாடியில் நாங்கள். டெலிபோன் இணைப்பு கடையில் இருந்தது. கம்ப்யூட்டர் மாடியில் இருந்தது, ஏனென்றால் கடையில் வைத்தால் நட்டு வாங்க வருகிறவர்கள் கிரீஸ் கையால் கீபோர்டைத் தட்டிப் பார்ப்பார்கள்.

கடல் பக்கம் வீடு என்றால் சொந்தக்காரர்களுக்கு ஒரு பொறாமை. வந்து ஒரு வருஷம் இருந்து பார்த்தால் தெரியும். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி உதிரும், சைக்கிள் செயின் இறுகும், ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூவின் தலை காணாமல் போகும். நாங்கள் முதலில் வாங்கிய மோடம் நாலே மாதத்தில் செத்துப்போனது. கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு தான்" என்று உறுதி செய்தாள்.

இந்த நிலைமையில்தான் என் கலா அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அக்காவுக்கு ஐந்தாம் மாதம் இருக்கும்போது கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிக் கொடுத்தார். "பொண்ணோ பையனோ, மொத வருஷம் போட்டுகினு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்தான் பிறந்தாள். ஜனனி என்று பேர் வைத்தோம். மாமா அவளைப் போட்டோவில்கூடப் பார்க்கவில்லை. தபாலில் அனுப்பிய போட்டோ ஒரு துறைமுகம் பின்னாலேயே அவரைத் துரத்திக்கொண்டிருந்தது.

குழந்தைக்கு ஐம்பத்தைந்து நாள் ஆனபோது மாமாவிடமிருந்து போன் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நிற்கிறது. மாலுமிகள் கிளப்பில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் உண்டு. நம்ம ஊர் நேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை தன் பேரை எழுதி வைத்திருக்கிறார். ஐந்தரைக்கு அவர் கப்பலில் இருக்க வேண்டும். அதைவிட்டால் அடுத்த கரை ஒரு மாதம் கழித்துத்தான்.

பிரவுசிங் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதம் ஆகாத குழந்தை வாசல் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். அதுவும் மணலி ஆலைகள் பக்கம் இருந்து காற்று அடிக்கிற நாளில் நமக்கே மூச்சு முட்டும், அது பச்சைக் குழந்தை. ஆகவே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்டிஃபிகேட்டைப் பார்த்தேன்.

"இன்னாடா பாபு, முடியுமா?" என்றாள் அக்கா.

"ஒயர்லெஸ் போட்டுடலாம்க்கா" என்றேன். அந்த வார்த்தையை அந்த வீட்டில் முதல் முறை உச்சரித்தவன் நான்தான். அதைச் சொல்லும்போது என் குரலே கொஞ்சம் மாறியது.

என் நண்பன் டேவிட் அப்போது அங்கே இருந்தான். மூன்று வீடு தள்ளி அவன் வீடு. கண்டெய்னர் ரிப்பேர் செய்யும் யார்டில் வெல்டர். "எதுக்கு மாமு அதெல்லாம்? இருவது மீட்டர் ஒயரு, நாலு ஆணி. படி ஓரமா இஸ்துகினு போயிடலாம்" என்றான்.

"ஒயரெல்லாம் பழைய காலம் மாமு" என்றேன். (இந்த வாக்கியத்தை அவன் இன்று வரை மறக்கவில்லை. அவன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.)

சனிக்கிழமை புது மோடத்தைக் கடையில் மாட்டினேன். மாடியில் கம்ப்யூட்டருக்கு விரல் நீளத்தில் ஒரு ஆன்டெனாக் குச்சியைச் செருகினேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவையே எடுத்தது. திரை ஓரத்தில் சிக்னல் காட்டும் நாலு கோட்டில் மூன்று பச்சையாக எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "ஒயரே இல்ல, வருதுபா" என்று ஒருவர் மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதோடு சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அம்மாதான் கிளப்பினாள். "போன மோடத்த உப்பு துன்னுச்சு. இதையும் துன்னும். ஒரு பொட்டி போட்ரு" என்றாள். எங்கள் தெருவில் இது ஒன்றும் புதுசில்லை. மீனும் பழமும் ஏற்றும் குளிர் கண்டெய்னர்களுக்கு உள்பக்கம் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. ரிப்பேரில் கழிக்கிற தகட்டை யார்டில் கேட்டு வாங்கி டேவிட் பெட்டி செய்து தருவான். டி.வி.க்குப் பெட்டி, ஸ்டெபிலைசருக்குப் பெட்டி, மீட்டருக்குப் பெட்டி. உப்புக்குப் பயந்த சாமான் எல்லாம் எங்கள் தெருவில் அவன் செய்த பெட்டியில்தான் குடியிருந்தன.

டேவிட் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். "பின்னாடி ஒயருக்கு ரெண்டு ஓட்ட. பக்கத்துல கொஞ்சம் சந்து வுடவா? காத்து போவணும்ல?"

"காத்து போனா உப்பும் போவும். ஊசி நொழய சந்து இருக்கக் கூடாது."

அவன் டேப்பால் கன்னத்தைத் தட்டிக்கொண்டான். "காத்தே போவலன்னா, சிக்னலு எப்டி வெளிய வரும்?"

நான் சிரித்தேன். வாத்தியார்கள் சிரிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. "மாமு, அது அலை. கண்ணுக்குத் தெரியாது. மாடித் தளத்தையே தாண்டி மேல வருது. உன் தகரம்லாம் அதுக்கு ஜுஜுபி."

"நீ படிச்சவன்" என்று டேவிட் அளக்க ஆரம்பித்தான். அந்த வயதில் அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் பெட்டி வந்தது. பளபளவென்று, கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. ஒயர் ஓட்டைகளுக்கு நைனா கடையிலிருந்து ரப்பர் வாஷர் எடுத்துக் கொடுத்தார். உள்ளே மோடம் போய் உட்கார்ந்தது. அம்மா சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். பூட்டு போடலாம் என்றேன், இல்லாவிட்டால் கடைக்கு வருகிறவர்கள் நோண்டுவார்கள். "பூட்டு துருப்புடிச்சிடும்" என்று டேவிட் பாக்கெட்டிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்பு முளையை எடுத்தான்.

துறைமுகத்தில் கண்டெய்னர் கதவைச் சாத்தியதும் இதைத்தான் போடுவார்கள். போல்ட் சீல் என்று பேர். ஒரு முனையை இன்னொன்றில் வைத்து அழுத்தினால் டக்கென்று விழும். சாவி கிடையாது. திறக்க வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். "இத போட்டா கப்பலே கவுந்தாலும் தொறக்காது" என்றான் டேவிட். வேலையை முழுசாகச் செய்வது அவன் சுபாவம். அழுத்தினான். டக். நான் கைதட்டினேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் முகம் கழுவத் தோன்றுகிறது.

குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மாமா பார்ப்பாரே என்று பவுடரும் போட்டுக்கொண்டு மூன்றரை மணிக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அக்கா பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஜனனி, கன்னத்தில் மை, காலில் அந்தக் கொலுசு. நைனா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்தார்.

எந்த நெட்வொர்க்கும் இல்லை என்றது திரை.

அணைத்துப் போட்டேன். இல்லை. ஆன்டெனாக் குச்சியைப் பிடுங்கி, ஊதி, செருகினேன். இல்லை. ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், கடைசியில் மேஜையையே இழுத்துப் படி ஓரம் வரை கொண்டு போனேன். கீழே ஓடிப் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டேன். (எதைக் கேட்கப் போனேன் என்று கேட்காதீர்கள்.) கரன்ட் இருந்தது, லைன் இருந்தது, பெட்டி சூடாக இருந்தது. கோடு மட்டும் வரவில்லை.

"துறைமுகத்துல ரேடார் போட்டிருப்பாங்க" என்று சொன்னேன். பிறகு மணலிப் புகை என்றேன். பிறகு பௌர்ணமி, கடல் ஏறியிருக்கிறது என்றேன். ஒவ்வொன்றையும் நைனா தலையாட்டி நம்பினார். அவர் நம்ப நம்ப நான் அடுத்த காரணத்தைத் தேடினேன்.

மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மோடத்தோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் கிடைத்தது. 'அருகில் உலோகப் பொருட்கள் இருந்தால் சிக்னல் தடைபடும்.' எனக்கு உயிர் வந்தது. "அம்மா, இந்த ரூம்ல இருக்குற இரும்பு சாமான்லாம் வெளிய போவணும்."

பீரோவை நானும் நைனாவும் தள்ளினோம். மடக்குக் கட்டில் போனது. தண்ணீர்க் குடம், டம்ளர், டேபிள் ஃபேன், தையல் மிஷின் எல்லாம் படிக்கட்டுக்குப் போயின. அப்போதும் கோடு வரவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். அம்மாவின் கையில் வளையல்.

"தங்கம்டா அது."

"தங்கமும் உலோகம் தாம்மா."

கழற்றினாள். "அடுத்தது தாலிய கழட்ட சொல்லுவியா?" என்றாள். தாலியைப் புடவைக்குள் தள்ளிக்கொண்டால் போதும் என்று அனுமதி கொடுத்தேன். அப்படியும் வரவில்லை. மணி நாலு ஐந்து. அங்கே மாமா கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பார். என் கண் ஜனனியின் காலில் போய் நின்றது.

அக்கா காலைப் பொத்திக்கொண்டாள். "அவரு பாக்கணும்னு தாண்டா போட்டேன்."

"பேசறத்துக்கே வழி இல்லக்கா. கழட்டு."

அவள் கழற்றினாள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அக்கா திரையைப் பார்த்தாள், கோடு இல்லை. கொலுசைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் சிரிக்க முடியாத இடம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எதுவுமே தெரியாது என்று சத்தமாக ஒப்புக்கொள்ளத் தோன்றியது. வாய்தான் வரவில்லை.

நாலேகாலுக்கு டேவிட் படியேறி வந்தான். மாமாவைப் பார்க்க அவனும் சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடு வந்திருந்தான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, குடத்தைத் தாண்டி, தையல் மிஷினைத் தாண்டி, வாசலில் நின்றான்.

"இன்னா, வூடு காலி பண்றீங்களா?"

"இரும்பு இருந்தா சிக்னல் வராதாம்பா" என்றார் நைனா. "பாபு படிச்சி பாத்து சொன்னான். அதான் எல்லாத்தையும் வெளிய போட்டுகினு இருக்கோம்."

டேவிட் என்னைப் பார்த்தான். ரொம்ப நிதானமாகக் கேட்டான். "அப்போ கீய நா போட்டு குட்த்தது இன்னா, பிளாஸ்டிக்கா?"

அம்மா மெதுவாக வளையலை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கண்டெய்னர் உள்ள நின்னு வேல செய்யறப்போ எனக்கு செல்லு எடுக்கவே எடுக்காது மாமு" என்று டேவிட் தொடர்ந்தான். "அத நெனச்சி தான் நேத்து கேட்டேன். நீ அலை, கிலைன்னு சொன்ன. படிச்சவனாச்சே, சரின்னு வுட்டுட்டேன்."

அக்காவையும் குழந்தையையும் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் படியில் உருண்டு இறங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டி அமைதியாகப் பளபளத்தது. சீல் அசையவில்லை. கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்து ஒயரிலேயே மாட்டிவிடலாமே என்றால், ஒயர் செருகும் இடமும் அந்தப் பெட்டிக்குள்தான். சுத்தியலால் அடித்தால் மோடமும் சேர்ந்து போகும். யார்டில் போல்ட் கட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை யார்டு பூட்டு.

அப்போதுதான் நைனா நிமிர்ந்தார். "என் கடைல இல்லாத சாமான் கெடயாது" என்பது அவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிவந்த ஒரே பெருமை. நாற்காலி போட்டு ஏறி, பரணில் பினாயில் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு போல்ட் கட்டரை உருவினார். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிப் போட்டு யாரும் வாங்காமல் கிடந்த சாமான்.

கட்டரின் வாயைத் திறக்க முடியவில்லை. உப்பு தின்று, இரண்டு தாடையும் ஒட்டிப்போய்க் கிடந்தன. எங்கள் கடையில் பெட்டி போடாமல் விட்ட ஒரே சாமான் அதுதான்.

மண்ணெண்ணெய் ஊற்றினோம். டேவிட் சர்ச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பிடியைப் பிடித்தான். நான் இன்னொரு பிடி. நைனா மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டே "இழு, வுடு, இழு, வுடு" என்று தாளம் சொன்னார். மாடியிலிருந்து அக்கா மணி சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு இருபத்தைந்து. நாலு முப்பது. அவள் குரல் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே போனது. நாலு முப்பத்தெட்டுக்கு அந்தக் கட்டர் ஒரு முனகல் முனகி வாயைத் திறந்தது. சீலை அதன் வாயில் வைத்து, மூன்று பேரும் சேர்ந்து தொங்கினோம். டணார் என்று வெட்டுப்பட்டு ஒரு துண்டு பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்தது.

பெட்டியைத் திறந்ததும் சுடச்சுட மோடம், நாலு விளக்கும் எரிய, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"கோடு வந்துட்ச்சு" என்றாள் அக்கா மேலிருந்து. கத்தவில்லை. கத்தினால் போய்விடும் என்று பயந்தவள் மாதிரி சொன்னாள்.

நாங்கள் மேலே ஓடிப் பொத்தானை அமுக்கவும் திரையில் மாமா வந்தார். தாடி வைத்திருந்தார், இளைத்திருந்தார். முக்கால் மணி நேரமாக அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். பின்னால் இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். இத்தனை மாதம் கழித்து, கடல் தாண்டி, எங்களைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"ஏன் எல்லாரும் மூச்சு வாங்குறீங்க?"

யாருக்கும் பதில் சொல்ல மூச்சு இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துப் படம் அவருக்கு உறைந்துபோனது. அதுவும் என் முகத்தில் உறைந்துபோனது. பவுடரும் மண்ணெண்ணெயும் துருவும் கலந்த என் முகத்தை மாமா ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தார். "டேய் பாபு, கொஞ்சம் தள்ளுடா" என்றார். நான் தள்ளித்தான் இருந்தேன், படம் தள்ளவில்லை.

அக்கா அவசர அவசரமாக ஜனனிக்குக் கொலுசை மாட்டினாள். மாட்டியதும் ஜனனி காலை உதைத்தாள். படம் அப்படியே என் மூஞ்சியாக நின்றுகொண்டிருக்க, சத்தம் மட்டும் போனது.

மாமா பேச்சை நிறுத்தினார். "நா வாங்கனது தானே?" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா.

"கேக்குது. இன்னொரு வாட்டி ஆட்ட சொல்லு."

ஜனனி யார் சொல்லியும் ஆட்டுகிறவள் இல்லை. ஆனால் ஆட்டினாள். அப்புறம்தான் படம் நகர்ந்து, மை வைத்த கன்னமும் உதைக்கிற காலும் அவர் திரையில் தெரிந்தன. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், பின்னால் நின்ற இரண்டு பேரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது பதினோரு நிமிஷம். அதில் மாமா அதிகம் பேசவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஒரு மாதமும் கப்பலில் எல்லோரிடமும் அந்தப் பதினோரு நிமிஷத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் டேவிட் இருபது மீட்டர் ஒயரோடும் நாலு ஆணியோடும் வந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சர்டிஃபிகேட்டை நானே கழற்றி பீரோவுக்குள் வைத்தேன். முருகருக்கு இப்போது தாராளமான இடம். நைனா வெட்டுப்பட்ட சீலைக் கல்லாவுக்கு மேல் நூல் கட்டித் தொங்கவிட்டார். இன்றும் என் வீட்டில் நான் எதையாவது தேடினால், கண்ணாடியோ வண்டிச் சாவியோ, முதலில் வருகிற கேள்வி, "கீய இருக்குறது இன்னா, பிளாஸ்டிக்கா?"

பெட்டி மட்டும் வீணாகவில்லை. கொஞ்ச காலம் அதில் முறுக்கு இருந்தது. பிறகு ஜனனி வளர்ந்து, பிளஸ் டூ வந்து, கையில் செல்போனும் வந்தபோது, அக்கா அந்தப் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தாள். பரீட்சை மாதம் முழுக்க ஜனனியின் போன் அதற்குள்தான், பின் ஓட்டை வழியாகச் சார்ஜர் ஒயர் மட்டும் உள்ளே போகும். உள்ளே போனால் எந்த அழைப்பும் வராது, எந்தச் செய்தியும் வராது. நான் செய்யச் சொன்ன சாமான்களில் சொன்ன வேலையைக் குறையில்லாமல் செய்தது அது ஒன்றுதான் என்று அக்கா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். கப்பலிலிருந்து மாமா கூப்பிட்டு, மகள் எடுக்காவிட்டால், அக்காவுக்குப் போட்டு, "பொட்டில இருக்குதா?" என்று கேட்பார்.

போன வருஷம் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ஜனனி இரண்டு இரண்டு படியாக ஏறி ஓடி வந்தாள். நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். போன் வெளியே வந்ததும் ஒரு மாதம் அடக்கி வைத்ததெல்லாம் வரிசையாக டிங் டிங் என்று வந்து விழுந்தது. அது முடிவதற்குள் வீடியோ அழைப்பு. இந்தத் தடவை படம் எங்கேயும் நிற்கவில்லை. மாமாவின் நரைத்த தாடி மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"ஏம்மா மூச்சு வாங்குற?" என்றார் மாமா.

ஜனனி சிரித்தாள். போனைத் திருப்பி, இவரைக் கேளுங்கள் என்கிற மாதிரி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.